வெர்ஷன் இரண்டு

மார்ச் 3

அன்புள்ள வாண்டுக்கு,

லேப்டாப்பில் இருந்த வைஃபை கார்டு எரிந்துவிட்டது. சொன்னவர் கடைத்தெருக் கணினிக் கடைக்காரர். இன்று காலை என் கண் முன்னால் கழற்றிப் பார்த்துச் சொன்னார். போன வாரம் விழுந்த இடியில், மாடி வீட்டிலிருந்து நமக்கு நெட் வரும் கேபிள் வழியாக மின்சாரம் பாய்ந்திருக்கிறது. கேபிள் செருகும் துளை கருகிவிட்டது, பக்கத்தில் இருந்த கார்டும் போயிற்று. மற்றபடி லேப்டாப் உயிரோடு இருக்கிறது. உன் அண்ணன் வைத்த படம் திரையில் தெரிகிறது. வெளியுலகத்தோடு மட்டும் பேச்சு இல்லை.

கடைக்காரர் புதுக் கார்டு போட்டுத் தருவதாகத்தான் உட்கார்ந்தார். திரையைப் பார்த்ததும் காதில் செருகியிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். "இது என்னம்மா, லினக்ஸா? இதுக்கு எந்தக் கார்டு ஒத்துவரும்னு எனக்குத் தெரியாதும்மா. எல்லாத்தையும் அழிச்சுட்டு வழக்கமா எல்லாரும் வச்சிருக்கிறதைப் போட்டுத் தர்றேன். டீ குடிச்சுட்டு வாங்க, ரெடியா இருக்கும்." பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் அழிக்க முடியாது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வே முகாமுக்குக் கிளம்பும்போது உன் அண்ணன், "போன்ல எனக்குப் பேச வராது. மெயில்ல எழுதுறேன்" என்றார். எனக்கு மெயில் அமைத்துக் கொடுத்தவர் அவர். அதன் கடவுச்சொல் அந்த லேப்டாப்புக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. இடி விழும்வரை ஒரு வரியும் வரவில்லை. இப்போது வந்திருந்தாலும் எனக்குத் தெரிய வழியில்லை. அவர் போன் அணைந்தே கிடக்கிறது.

கணினிகளோடு குடும்பம் நடத்துகிறவள் நீ. எதை வாங்குவது என்று எழுது. தாமதித்தால் நாத்தனார் என்றும் பார்க்கமாட்டேன்.

என் தையல் புண் ஒருவழியாக ஆறிவருகிறது. டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நாள் லீவில் இருக்கச் சொல்கிறார். உன் இருமல் விட்டதா?

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கார்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு நானே சாட்சி, வேறு ஆள் வேண்டாம். குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் தனியாக இருக்கிற உங்களுக்கு இந்தத் தொல்லையும் சேர்ந்ததே என்றுதான் வருத்தம்.

என் வேலையை நினைத்தால் எனக்கே சிரிப்பு. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கிற நிலையம் இது. செல்போன், வைஃபை எதுவும் வளாகத்துக்குள் வரக்கூடாது. கணினிகள் எல்லாம் கேபிளில். "இங்க கிசுகிசுகூட வயர் வழியாத்தான் போகணும்" என்பார் எங்கள் ஸ்டோர்கீப்பர். அலுவலகத்தில் ஒரு போன் உண்டு, மேலாளரின் மேசைமேல். பேசுகிறவரின் பின்னால் எப்போதும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நமக்குக் கடிதமே மேல்.

லினக்ஸுக்குக் கார்டு வாங்கும்போது பெட்டியின் பெயரை நம்பக்கூடாது, அண்ணி. உள்ளே இருக்கிற சிப் எது என்பதுதான் கேள்வி. அந்தச் சிப்போடு பேசத் தெரிந்த டிரைவர் கணினிக்குள் இருந்தால் செருகியதும் ஓடும். இல்லாவிட்டால் அது வெறும் பொம்மை. கம்பெனிக்காரர்கள் அதே பெயர், அதே படம் போட்ட பெட்டியில் வெர்ஷன் ஒன்றுக்கு ஒரு சிப்பும் வெர்ஷன் இரண்டுக்கு வேறு சிப்பும் வைத்துவிடுவார்கள். பார்க்காமல் வாங்கியவன் தலையில் துண்டு.

தனித் தாளில் ஒரு கட்டளை எழுதியிருக்கிறேன். கறுப்புத் திரையைத் திறந்து அதை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். வருவதை அப்படியே எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சரியானதைச் சொல்கிறேன்.

அண்ணன் எனக்கும் எழுதவில்லை. சோம்பேறி. "அண்ணிக்கு ஏன்டா எழுதல?" என்று இன்றே ஒரு மெயில் போட்டு உலுக்குகிறேன். இருமல் என்னைவிட்டுப் போக மனமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வாண்டு


மார்ச் 21

அன்புள்ள வாண்டுக்கு,

நீ கேட்ட பட்டியல் இதோடு இருக்கிறது. திரையில் வந்ததைப் பார்த்து நானே எழுதினேன்; இரண்டு முறை சரிபார்த்தேன். எக்ஸ்ரே தகட்டில் எழுதும் அதே கையெழுத்து, உனக்குப் புரியும்.

முகாமில் மலையேறி அளக்கும் வேலை அதிகமாக இருக்கும் என்று மாடி வீட்டுக்காரர் சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "சர்வேன்னா அப்படித்தானேம்மா" என்கிறார். ஆறுதல் சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நீ உலுக்கியதற்குப் பதில் வந்ததா? வந்திருந்தால், நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல். மற்றதை நானே எழுதிக்கொள்கிறேன்.

சாப்பிடுகிறேன். இதை எழுதுமுன்கூடச் சாப்பிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பட்டியல் கிடைத்தது. உங்கள் லேப்டாப்பின் உள்ளே புதுக் கார்டு பொருத்துவது சிரமம். தயாரித்தவர்கள் ஒத்துக்கொண்ட கார்டுகளைத் தவிர மற்றதைச் செருகினால் அது திறக்கவே மறுக்கும். வெளியே செருகும் டாங்கிள் வாங்குங்கள். பெயரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நீலப் பெட்டியில் வரும். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் வெர்ஷன் இரண்டு என்று இருக்க வேண்டும். அதையே வாங்குங்கள்.

அவசரப்பட வேண்டாம். உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். இங்கே வேலை அதிகம்.

வாண்டு


ஏப்ரல் 25

அன்புள்ள வாண்டுக்கு,

டாங்கிள் வேலை செய்யவில்லை. இதற்குச் சாட்சி நான். செருகினேன், கழற்றினேன், அணைத்துத் திறந்தேன். அதில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அது எரியவே இல்லை.

நீ சொன்ன நீலப் பெட்டிதான். அடியில் வெர்ஷன் இரண்டு என்று இருக்கிறது. கடைக்காரர் தன் கணினியில் செருகிக் காட்டினார், அங்கே பளிச்சென்று எரிகிறது. "பொருள்ல குத்தமில்லம்மா, உங்க சிஸ்டத்துக்கு இதைப் பிடிக்கல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழிச்சுப் போட்டா ஒரே நிமிஷம்..." என்று ஆரம்பித்தார். நான் கிளம்பிவிட்டேன்.

மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து பார்த்தார். "அந்தச் சின்ன ரூம்ல வச்சுப் பாருங்க, எங்க வைஃபை பெட்டி அதுக்கு நேர் மேலதான் இருக்கு" என்றார். அந்த அறைக் கதவு ஜனவரியிலிருந்து மூடியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கூடத்திலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வாரம் வேலைக்குத் திரும்பினேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒருவரிடம் சொன்னேன். படம் எடுத்தேன். விடச் சொல்ல மறந்து நின்றுவிட்டேன். அந்த மனுஷன் முகம் சிவந்து, "விடலாமாம்மா?" என்றார். சிரித்துவிட்டோம். பிறகு இருட்டறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா வந்து, என் எக்ஸ்ரே வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று மறுபடியும் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

வாண்டு, உன் அண்ணன் உனக்குப் பதில் எழுதினாரா? போன கடிதத்தில் நீ அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவர் எழுதினாரா இல்லையா என்று தெரிந்தால் போதும். எழுதவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான். இப்படி இரண்டும் இல்லாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

உன் நலம் பற்றி எழுது.

அண்ணி


மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வேலைக்குத் திரும்பியது நல்லது. நாலு மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தால் மனசு லேசாகும்.

டாங்கிள் ஓட ஒரு சின்னக் கோப்பு தேவைப்படுகிறது. வழக்கமாக நெட்டிலிருந்து இறக்கிக்கொள்வார்கள். நெட் இல்லாதவர்கள் நெட் வருவதற்கான கோப்பை நெட்டிலிருந்து இறக்க வேண்டும், இதுதான் லினக்ஸ்காரர்களின் தலையெழுத்து. ஒரு பென்டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எப்படிப் போடுவது என்று தாளில் இருக்கிறது. அதற்கும் சரிவராவிட்டால் வேறு யோசிக்கலாம்.

இங்கே வெளியிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள். வாசலிலேயே அவர்கள் லேப்டாப்பைத் திறந்து வைஃபை கார்டைக் கழற்றுவதுதான் என் வேலை. பாதிப் பேர் திரும்பக் கேட்பதே இல்லை. என் மேசையில் ஒரு தட்டு நிறையச் சேர்ந்துவிட்டது. கார்டும் டாங்கிளுமாகக் கிடக்கின்றன. ஸ்டோர்கீப்பர், "கடை போடும்மா, நான் கல்லாவுல உக்கார்றேன்" என்கிறார்.

மழை இல்லை. இருமல் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாண்டு


ஜூன் 2

வாண்டுக்கு,

நீ அனுப்பிய கோப்பு வேறொரு சிப்புக்கானது. சொன்னவர் எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை பார்க்கிறவர். ஊசி என்று கூப்பிடுவோம். அவர் வீட்டுக் கணினியிலும் லினக்ஸ்தான் என்று நேற்று டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. டாங்கிளைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ மேடம், ரெண்டாவதையா வாங்கினீங்க? லினக்ஸ்காரங்க எல்லாரும் பழைய ஸ்டாக்ல ஒண்ணாவதைத் தேடி அலையுறாங்க. இதுக்கு டிரைவரே கிடையாது. யார் சொன்னது உங்களுக்கு?"

"எங்க நாத்தனார்."

"பாவம், அவங்களுக்குத் தெரியாதுபோல."

"தெரியும்" என்றேன்.

ஊசியும் நானும் கடைத்தெரு முழுக்க அலைந்தோம். வெர்ஷன் ஒன்று எங்கும் இல்லை. விற்றுத் தீர்ந்து நாளாயிற்றாம்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். வெர்ஷன் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். கார்டு விஷயத்தில் உனக்குத் தவறு வராது. தவறான கோப்பை எடுத்துப் பென்டிரைவில் போட உனக்குத் தெரியாது. தட்டு நிறைய டாங்கிள் கிடக்கிறது என்று நீயே எழுதுகிறாய். அதில் ஒன்றை உறையில் போட்டு அனுப்ப உனக்கு ஏன் தோன்றவில்லை?

உன் நிலையத்துக்குப் போன் போட்டேன். ஓர் ஆள் எடுத்து, "இருங்க, இங்கதான் இருக்காங்க" என்றார். பிறகு குரல் மாறி, "இல்லையாம், வெளியில போயிருக்காங்களாம்" என்றார். பின்னால் நீ இருமினாய். இருமல் இல்லை என்று எழுதியிருந்தாயே.

அவர் இருக்கிறாரா, வாண்டு? அதை மட்டும் சொல்.

அண்ணி


ஜூன் 18

அண்ணி,

அண்ணன் உயிரோடு, நலமாக இருக்கிறான். மார்ச் கடைசியில் எனக்கு எழுதினான்.

இதோடு வரும் டாங்கிள் வெர்ஷன் ஒன்று. கோப்பு எதுவும் போட வேண்டாம். செருகினால் விளக்கு எரியும்.

"அவளுக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். இனி அந்த வீட்டில எனக்கு இடமிருக்கும்னு தோணல. நீ எதுவும் சொல்லாதே, அவளே படிக்கட்டும்" என்று எழுதியிருந்தான். உங்களுக்குத் தையல் புண்கூட முழுதாக ஆறியிருக்கவில்லை. அதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு மனுஷிகூட இருக்கமாட்டாளே என்று நினைத்தேன். கொஞ்சம் தேறட்டும், கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன். நான் வந்த பிறகு செருகலாம், அண்ணி. கேட்கமாட்டீர்கள் என்று தெரியும்.

வாண்டு


ஜூன் 24

வாண்டுக்கு,

விளக்கு எரிந்தது. நேற்று மாலை. நானே பார்த்தேன்.

கூடத்தில் வைத்தால் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போய்விடுகிறது. கடைசியில் அந்த அறையைத் திறந்தேன். ஜன்னலோரம் இருந்த துணி மூட்டையை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முழுதாக வந்தது. உன் அண்ணனிடமிருந்து மூன்று மெயில்கள்.

நீ நினைத்தது போல அது விடைபெறும் மெயில் இல்லை. மார்ச் 9 அன்று எழுதியிருக்கிறார், இடி விழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தபோது தனக்கு அழுகைகூட வரவில்லை என்றும், அதற்காக நான் தன்னை வெறுத்திருப்பேன் என்றும் எழுதுகிறார். அறைக் கதவை மூடியது தான்தான் என்று எழுதுகிறார். எனக்கு அது தெரியாதென்று நினைத்திருக்கிறார். பிறகு இப்படி இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்:

"வா என்று ஒரு வார்த்தை எழுது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். வர வேண்டாம் என்றால் நீ சிரமப்பட்டு எழுத வேண்டாம். பேசாமல் இருந்துவிடு, நான் புரிந்துகொள்கிறேன்."

நான் பேசாமல் இருந்தேன், வாண்டு.

இரண்டாவது மெயில் ஏப்ரலில். இரண்டே வரி. படித்தாயா என்று கேட்கிறார். மூன்றாவது ஜூன் 11. "உன் பதில் புரிந்தது. கோபமில்லை. மேல் முகாமுக்குப் போகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் வண்டி. அங்கே மெயில் கிடையாது, கீழே இறங்க ஒரு வருஷம் ஆகும்."

வா என்று எழுதி அனுப்பிவிட்டேன். நான் தட்டிய எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் எழுத்துதான், இருந்தாலும் பார்த்தேன். இன்னும் பதில் இல்லை.

உனக்கு மெயிலிலேயே எழுதலாம். அந்தத் திரையில் வேறு யாருக்கும் எழுத மனம் வரவில்லை.

வண்டி எப்போது என்று விசாரி. உடனே.

அண்ணி


ஜூன் 29

அண்ணிக்கு,

வண்டி ஜூலை 8, புதன்கிழமை காலை. அண்ணனின் கம்பெனித் தலைமை அலுவலகக் குமாஸ்தா இன்று போனில் சொன்னார். கீழ் முகாமின் மெயில் இணைப்பு பத்து நாளாக விட்டு விட்டு வருகிறதாம். நானும் அவனுக்கு ஏழு மெயில் போட்டிருக்கிறேன். உங்கள் வைஃபை கார்டு எரிந்ததை இத்தனை நாள் அவனிடம் சொல்லாமல் இருந்தவள், எல்லா மெயிலிலும் அதையேதான் எழுதியிருக்கிறேன்.

முகாமுக்கு ரேடியோவில் செய்தி சொல்ல முடியுமாம். கேட்டேன். நாலு பேர் பின்னால் நின்றார்கள். நின்றால் நிற்கட்டும்.

"அவசரம்னாத்தான் ரேடியோ. யாராவது தவறிட்டாங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"யாரு?"

"குழந்தை."

தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அது ஜனவரியிலம்மா. அதுக்கு லீவு குடுத்தாச்சே. திரும்பவும் அதையே எழுத முடியாது" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. "வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று காத்திருந்தார். பொய் சொல்லி ஒருவரைக் கொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலாளர்தான் போனை வாங்கி அவரிடம் பேசினார். அந்தப் பகுதி அதிகாரி சுற்றுப்பயணத்தில் இருக்கிறார், அடுத்த திங்கட்கிழமைதான் திரும்புகிறார். அவர் கையெழுத்திட்டால் ரேடியோவில் சொல்லலாம் என்று முடிந்தது.

லீவு கிடைத்துவிட்டது. வண்டிக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை பகலில் உங்கள் வீட்டில் இருப்பேன். உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். வாசலில் உட்காரவும் எனக்குத் தெரியும்.

வாண்டு


ஜூலை 4

வாண்டுக்கு,

என் மெயில் இன்னும் போய்ச் சேரவில்லை. இதைச் சொல்வது மெயில் சர்வர். இன்று காலை தானாகவே ஒரு தகவல் அனுப்பியிருக்கிறது. ஊசியைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னேன், தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்று.

"இது தோல்வி இல்ல மேடம். அந்தப் பக்கம் யாரும் கதவைத் திறக்கல, அவ்வளவுதான். இது வெளியில நின்னு தட்டிக்கிட்டே இருக்கும்" என்றார்.

"எத்தனை நாள் தட்டும்?"

திரையில் தேதியைக் காட்டினார். முதலில் அனுப்பியது ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டது, மறுபடி அனுப்பினேன். அதற்குத்தான் இந்தத் தகவல். வேறு விதமாக அனுப்ப முடியுமா, இரண்டு மூன்றாக அனுப்பலாமா என்று கேட்டேன். எத்தனை அனுப்பினாலும் எல்லாம் அதே கதவில்தான் போய் நிற்கும் என்றார். ஆனாலும் அவர் போன பிறகு இன்னொன்று அனுப்பினேன்.

ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டேன். லேப்டாப் அந்த அறையிலேயே இருக்கிறது, நானும். மாடி வீட்டுக்காரரிடம் புதன்கிழமைவரை வைஃபை பெட்டியை அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "அணைக்க மாட்டேம்மா. வானம் இருட்டினா மட்டும்..." என்று இழுத்தார். இருட்டினாலும் வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்மேல் எனக்கு என்ன இருக்கிறது என்று இப்போது கேட்காதே. அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நீ கிளம்பியிருப்பாய். இருந்தும் எழுதுகிறேன், சும்மா உட்கார முடியவில்லை. வா. வாசலில் எல்லாம் உட்கார வேண்டாம். இருமலுக்கு மருந்து எடுத்துக்கொண்டு வா.

இன்று மாலைவரை தெரிந்தது இவ்வளவுதான். அதிகாரி திங்கட்கிழமை திரும்ப வேண்டும், கையெழுத்திட வேண்டும். நீ செவ்வாய்க்கிழமை பகலில். வண்டி புதன்கிழமை காலை. என் மெயிலைச் சர்வர் வியாழக்கிழமை மாலைவரை கொடுத்துப் பார்க்கும். அதற்குப் பிறகு எனக்கே திருப்பி அனுப்பிவிடும்.

அண்ணி